வாடகை விமானமும் விமானியின் உறக்கமும்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பது ஒருவர் இட்ட பிச்சை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்ற உரிமை. ஆலைத் தொழிலாளியும், ரயில்வே சிப்பந்தியும், துறைமுகக் கூலியும் இதற்காகப் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆனால் கூலிக்கு உழைக்கும் ஒரு வகுப்பாரைத் தொழிலாளர் என்று எண்ணவே நமக்குத் தோன்றுவதில்லை. அவர்கள்தாம் ஆகாய விமானம் ஓட்டுகிறவர்கள். தோளில் பொன் பட்டை, தலையில் தொப்பி, மேகத்திற்கு மேல் சஞ்சாரம். இவர்களுக்கு என்ன குறை என்று ஜனங்கள் கேட்கிறார்கள்.

பெரிய கம்பெனிகளில் நெடுங்காலம் வேலை பார்த்த விமானிகளைப் பொறுத்த வரையில் இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வாடகைக்கும் ஒப்பந்தத்திற்கும் விமானம் விடுகிற கம்பெனிகளிலோ கதை வேறு. அத்தொழில் மிகப் பெரிதாக வளர்ந்திருக்கும் தேசம் அமெரிக்கா. அங்கே நடந்திருப்பதை ஆராய்ந்தால், உழைப்பைப் பற்றிய ஒரு பழைய உண்மை புதிய வேஷத்தில் நிற்பதைக் காணலாம்.

இக்கம்பெனிகள் இரண்டு வகை. முதலாவது, விமானம் முழுவதையும் வாடகைக்குப் பேசி அமர்த்திக் கொள்வது. வியாபாரிகள், விளையாட்டுக் கோஷ்டியார், அவசர சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிகள் முதலியோர் இப்படிப் பிரயாணம் செய்கிறார்கள். கால அட்டவணைப்படி ஓடும் விமானம் ரயிலைப் போன்றது என்றால், இது வாடகைக் காரைப் போன்றது. இரண்டாவது, பெரிய கம்பெனி தன் பெயரையும் வர்ணத்தையும் இரவல் கொடுத்து, சிறு ஊர்களுக்கு விமானம் விடும் வேலையைச் சிறிய கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டுவிடுவது. டிக்கெட்டில் இருப்பது பெரிய கம்பெனியின் பெயர். விமானிக்குச் சம்பளம் கொடுப்பதோ சிறிய கம்பெனி. லாபம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலுமாகப் பிரிந்து போவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஒரே வானம், இரண்டு சட்டம்

அமெரிக்காவில் அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்களின் விமானிகளுக்கு, விமான விதிகளின் 117-ம் பகுதி பொருந்துகிறது. இது 2014 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. இதன்படி ஒரு விமானி ஓராண்டில் 1,000 மணி நேரத்திற்கு மேல் பறக்கக் கூடாது. வேலைக்கு வருமுன் 10 மணி நேர ஓய்வு வேண்டும். அதில் 8 மணி நேரமாவது இடையூறின்றி உறங்குவதற்கு வாய்ப்பு இருக்க வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்பது, எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. நள்ளிரவில் தொடங்கினால் 9 மணி நேரந்தான். காலையில் தொடங்கினால் 14 மணி நேரம் வரை போகலாம். மனித உடல் இரவில் சோர்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக் கொண்டிருக்கிறது.

வாடகை விமானிக்கு உரியது 135-ம் பகுதி. அங்கே ஓராண்டின் வரம்பு 1,400 மணி நேரம்; மூன்று மாதத்தில் 500 மணி வரை பறக்கலாம். ஒருவரே ஓட்டினால் 24 மணி நேரத்தில் 8 மணியும், இருவர் ஓட்டினால் 10 மணியும் பறக்கலாம். வேலை நாளின் நீளம் 14 மணி நேரம். பகலில் தொடங்கினாலும் சரி, பின்னிரவு இரண்டு மணிக்குத் தொடங்கினாலும் சரி, கணக்கு ஒன்றே. காலாண்டுக்கு 13 முழு நாட்கள் ஓய்வு கொடுத்தால் போதும். அது வாரத்திற்கு ஒன்று என்று வருகிறது. அதையும் வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இவ்வளவும் சட்டம் அனுமதிக்கும் பளு. சட்டத்தின் இடுக்குகளில் நுழைந்து வருவது தனி. பயணிகளை ஊர் சேர்த்த பிறகு, காலி விமானத்தைத் தன் இடத்திற்குத் திருப்பிக் கொண்டு போக வேண்டும். அந்தக் கடைசிப் பயணத்தில் கட்டணம் கொடுக்கும் பயணி இல்லாததால் 14 மணி வரம்பு அதற்கு இல்லை. பயணி இறங்கியதும் சட்டமும் இறங்கிவிடுகிறது. களைத்த கண்ணுடன் விமானி மட்டும் ஏறி உட்காருகிறார்.

இன்னொன்று டெலிபோன். வாடகை விமானத்தை எந்த நேரத்தில் யார் அழைப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே விமானி எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டுமென்று முதலாளி எதிர்பார்க்கிறார். வேலைப் பொறுப்பு எதுவுமின்றி, முன்கூட்டியே சொல்லித் தொடர்ச்சியாகக் கொடுப்பதுதான் ஓய்வு என்று சமஷ்டி விமான நிர்வாக இலாகா பல முறை விளக்கம் கூறியிருக்கிறது. அழைத்தால் வந்தே தீர வேண்டும் என்ற நிலையில் வீட்டில் இருப்பது ஓய்வாகாது. ஆனால் பகலெல்லாம் அழைப்பு வராமல், மாலையில் வந்தால், “நீர் பகல் முழுவதும் வீட்டில்தானே இருந்தீர்?” என்று கேட்பது சுலபம். அந்த விமானி காலையிலிருந்தே விழித்திருக்கிறார் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

இரண்டு விபத்துக்கள்

இதெல்லாம் ஏட்டளவு வாதம் என்று சிலர் சொல்லலாம். 2008 ஜூலை 31-ந் தேதி, அட்லாண்டிக் சிட்டியிலிருந்து மின்னஸோட்டா மாகாணத்தின் ஓவட்டோனா நகரத்திற்கு ஒரு வாடகை ஜெட் விமானம் சென்றது. இறங்கும்போது ஓடுபாதையில் நிற்க இடம் போதாதென்று கண்டு, தாமதமாக மீண்டும் மேலே எழும்ப முயன்றது; முடியாமல் நொறுங்கி விழுந்தது. விமானிகள் இருவரும் பயணிகள் அறுவருமாக எட்டுப் பேரும் மாண்டனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டு 2011-ல் வெளியிட்ட அறிக்கையில், தலைமை விமானியின் பிழையான தீர்மானமே முக்கியக் காரணம் என்று கூறியது. அதோடு நிற்கவில்லை. இரு விமானிகளின் திறமையையும் களைப்பு குறைத்திருக்கக் கூடும் என்றது. வாடகைக் கம்பெனிகளுக்கு ஒழுங்கான நடைமுறைகளையும், விமானிகள் ஒத்துழைத்து வேலை செய்யும் பயிற்சியையும் கட்டாயமாக்கத் தவறிய சர்க்கார் இலாகாவையும் குற்றம் சாட்டியது.

இரண்டாவது, 2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு நடந்தது. நெவார்க் நகரத்திலிருந்து பஃபலோ நகரத்திற்குச் சென்ற விமானம் வீடுகளுக்கு நடுவே விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் ஒருவரும் இறந்தனர். பயணிகள் வாங்கிய டிக்கெட் கான்டினென்டல் கம்பெனியின் பெயரில். விமானத்தை ஓட்டியதோ ஒப்பந்தக்காரரான கோல்கன் ஏர் கம்பெனி. வேகம் அபாயகரமாகக் குறைந்துவிட்டதென்று கருவி எச்சரித்தபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி அதை மேலே இழுத்துவிட்டார். காரணம் அதுவே என்று போர்டு முடிவு செய்தது.

ஆனால் விசாரணையில் வெளியான இதர விஷயங்கள் அமெரிக்க மக்களைத் திடுக்கிடச் செய்தன. துணை விமானி முந்திய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் ஏறி, நாட்டின் மேற்குக் கோடியான ஸியாட்டில் நகரத்திலிருந்து, மெம்பிஸில் மாறி, காலையில் நெவார்க் வந்து சேர்ந்தவர். உடம்புக்கும் சுகமில்லை. விடுமுறை கேட்டால், குணமாகும் வரை சொந்தச் செலவில் ஓட்டலில் தங்க வேண்டியிருக்கும் என்று அவர் பேசியது விமானத்தின் ஒலிப்பதிவில் இருக்கிறது. தலைமை விமானியோ விமான நிலையத்தின் சிப்பந்திகள் அறையில் உறங்கி எழுந்தவர். இது இந்த இருவரின் நிலைமை மட்டும் அன்று. நெவார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கம்பெனியின் விமானிகள் 137 பேரில் 93 பேர் வெளியூர்களிலிருந்து வந்து போகிறவர்கள். அவர்களில் 29 பேருடைய வீடு 1,000 மைலுக்கு அப்பால்!

இவ்வளவு தூரத்திலிருந்து வேலைக்கு வருவானேன் என்று கேட்கலாம். இத்தகைய கம்பெனிகளில் புதிய துணை விமானிக்கு அந்நாளில் கிடைத்தது ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர். நியூயார்க்கை அடுத்த நகரத்தில் அந்தச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துவது எப்படி? தாய் தந்தையர் வீட்டில் தங்கி, கிடைத்த விமானத்தில் ஒட்டிக் கொண்டு வேலைக்கு வருவதுதான் வழி. களைப்பு விமானிகளைப் பாதித்திருக்கலாம், ஆனால் எந்த அளவுக்கு என்று நிர்ணயிக்க முடியவில்லை என்று போர்டு எழுதியது. களைப்பையும் துணைக் காரணமாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று போர்டின் தலைவரே தனிக் குறிப்பு எழுதினார். சம்பளம், வாடகை, உறக்கம் என்பவை விமானத்தின் இயந்திர உறுப்புக்கள் அல்ல. ஆனால் அவையும் அன்றிரவு அந்த விமானத்தில் ஏறியிருந்தன.

ஏணியின் கீழ்ப்படி

இத்தனை கஷ்டத்தையும் விமானிகள் ஏன் சகித்துக் கொள்கிறார்கள்? இதன் விடை மணிக்கணக்கில் இருக்கிறது. சம்பளத்திற்கு விமானம் ஓட்டும் உரிமை சுமார் 250 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு கிடைக்கிறது. பஃபலோ விபத்துக்குப் பின் 2010-ல் நிறைவேறிய சட்டத்தின் விளைவாக, பெரிய கம்பெனியில் சேர விரும்புகிறவருக்குப் பொதுவாக 1,500 மணி அனுபவம் வேண்டும். இந்த இடைவெளியை எங்கே நிரப்புவது? பயிற்சிப் பள்ளிகளிலும், சிறு சரக்கு விமானங்களிலும், வாடகைக் கம்பெனிகளிலும்தான். படிப்புக்காகப் பட்ட பெருங்கடன் தலைமேல் இருக்க, மணிகளைச் சேர்ப்பதே இளைஞரின் ஒரே நோக்கமாகிறது. முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் கொடுப்பது பாதி சம்பளம், பாதி அனுபவம்.

இதோடு பயிற்சி முச்சலிக்காவும் உண்டு. புதிய ரக விமானத்தில் கம்பெனி செலவில் பயிற்சி கொடுத்தால், குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். பயிற்சிக்குச் செலவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலக முடியாதவர் மறுக்கவும் முடியாதவர். “நான் களைத்திருக்கிறேன், இன்று ஓட்ட மாட்டேன்” என்று சொல்லும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சொல்லும் வாய்க்கு முச்சலிக்கா பூட்டுப் போடுகிறது.

முதலாளிகளின் வாதத்தையும் கேட்போம். திடீரென்று வரும் அழைப்பே வாடகை விமானத் தொழிலின் உயிர், அட்டவணைக்காரர்களின் விதியை இங்கே சுமத்தினால் சிறு கம்பெனிகள் மூடிப் போகும், தூரத்து ஊர் நோயாளிக்கு விமானம் கிடைக்காது என்கிறார்கள். அழைப்பு எந்நேரமும் வரலாம். அதற்கு எந்நேரமும் ஒரே ஆள் விழித்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆஸ்பத்திரியும் தீயணைப்பு நிலையமும் இரவு பகலாகத் திறந்திருக்கின்றன. அங்கே ஆட்களை முறை மாற்றுகிறார்கள். இன்னும் இரண்டு விமானிகளை நியமிக்கும் செலவே இவ்வாதத்தின் உட்பொருள்.

இதே செலவுக் கணக்கினால்தான் சரக்கு மட்டும் ஏற்றும் விமானங்களை 117-ம் பகுதியிலிருந்து விலக்கினார்கள். சரக்கு விமானம் பறப்பது பெரும்பாலும் இரவில். எவருக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் அவசியமோ, அவருக்கே அது இல்லை!

சங்கமே துணை

விமானிகளுக்கு இருக்கும் பாதுகாப்பு எப்படி வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1931-ல் டேவிட் பென்கே என்ற விமானியின் தலைமையில் அமெரிக்க விமானிகள் சங்கம் தோன்றியது. 1932-ல் ஈ. எல். கார்ட் என்ற முதலாளி தம் கம்பெனியில் சம்பளத்தை வெட்டினார். விமானிகள் எதிர்த்து நின்றனர். லா கார்டியா போன்ற பிரதிநிதிகள் காங்கிரஸ் சபையில் அவர்களுக்காக வாதாடினர். 1934-ல் தேசியத் தொழில் போர்டு தனது 83-ம் தீர்ப்பில், மாதத்திற்கு 85 மணிக்கு மேல் பறக்க வைக்கக் கூடாதென்று விதித்தது. 1938-ம் வருஷச் சட்டம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. அன்று ஒரு சில விமானிகள் ஒன்று சேர்ந்ததன் பலனை இன்று வரை விமானிகளும் அவர்களை நம்பி ஏறும் பயணிகளும் அனுபவிக்கிறார்கள்.

வாடகைக் கம்பெனிகளின் விமானிகளுக்கு அந்தப் பலம் அரிது. இங்கே ஐந்து பேர், அங்கே பத்துப் பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். மணி சேர்ந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதால், இருக்கும் இடத்தைச் சீர்திருத்த எவரும் முன்வருவதில்லை. அவர் போனதும் அடுத்த இளைஞர் அதே நாற்காலியில், அதே களைப்போடு உட்காருகிறார். 2015 நவம்பரில் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரத்தில் ஒரு வாடகை ஜெட் விழுந்து ஒன்பது பேர் இறந்தபோது, விதிகளைக் கம்பெனி அலட்சியமாக நடத்தியதையும், சர்க்கார் மேற்பார்வை போதாததையும் போர்டு மீண்டும் கண்டித்தது. அபாயங்களை முன்னரே கண்டறிந்து நீக்கும் முறையான ஏற்பாடு வாடகைக் கம்பெனிகளிலும் இருக்க வேண்டும் என்ற விதி 2024-ல்தான் பிறந்தது. அதற்கும் 2027 வரை தவணை.

செய்ய வேண்டியது தெளிவு. ஓய்வு விதி டிக்கெட்டின் ரகத்தைப் பார்க்கக் கூடாது. மனித உடலைப் பார்க்க வேண்டும். அழைப்புக்குக் காத்திருக்கும் நேரமும், காலி விமானத்தைத் திருப்பும் நேரமும் வேலை நேரமாக எண்ணப்பட வேண்டும். களைப்பைச் சொல்லி மறுத்தவருக்குச் சம்பளமும் உத்தியோகமும் குறையக் கூடாது. தன் பெயரை இரவல் கொடுக்கும் பெரிய கம்பெனி, அப்பெயரின் கீழ் உழைப்பவரின் கூலிக்கும் ஓய்வுக்கும் ஜவாப்தாரியாக வேண்டும். பஃபலோவில் உற்றாரை இழந்த குடும்பத்தார் வாஷிங்டனில் விடாமல் கிளர்ச்சி செய்ததால்தான் 2010-ம் வருஷச் சட்டம் பிறந்தது. டிக்கெட்டை விற்கும் முன்னரே விமானத்தை உண்மையில் ஓட்டும் கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற ஷரத்தும் அதில் ஏறியது. கோல்கன் கம்பெனி 2012-ல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற பாடம் மூடப்படவில்லை. உழைப்பவன் உறங்க முடியாத இடத்தில், அவனை நம்பியவன் உயிரோடு ஊர் திரும்புவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதிர்ஷ்டத்தைச் சட்டமாக வைத்துக் கொண்டு எந்தத் தேசமும் ஆகாயத்தில் வெகுதூரம் போக முடியாது.