தூக்கத்தில் நடப்பவள்

கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பிரித்தேன். ஷா ஆலம் வந்தபோது பாதி முடிந்திருந்தது. அத்தனை சின்ன அத்தியாயங்கள். சில பக்கங்களில் நாலைந்து வரிதான்.

ஐஸ்லாந்து எழுத்தாளர் ஹில்துர் க்னூட்ஸ்டோட்டிரின் திகில் குறுநாவல் அது. 2021இல் ஐஸ்லாந்து மொழியில் வெளிவந்தது. மேரி ராபினெட் கோவால் மொழிபெயர்க்க, 2024இல் 'தி நைட் கெஸ்ட்' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத் தலைப்புக்கு 'நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள இருட்டு' என்று பொருள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

ரெய்க்யவிக் நகரத்துப் பெண் இதுன். காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு ஓய்ந்து கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடு, உடற்பயிற்சி செய், நேரத்தோடு படு என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வைட்டமின், தூக்க மாத்திரை, காலடி எண்ணும் கைக்கடிகாரம் என்று அவளும் எல்லாம் வாங்கிப் பார்க்கிறாள். ஒருநாள் கடிகாரத்தோடு தூங்கிப்போகிறாள். விடிந்து பார்த்தால் அது 40,000 காலடிக்கு மேல் காட்டுகிறது.

ரயிலிலேயே கணக்குப் போட்டேன். காலடிக்கு எழுபது சென்டிமீட்டர் என்றால் 28 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸில் படுத்தவள் கிள்ளானை நெருங்கியிருப்பாள். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே ஓடிய தண்டவாளத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

நார்ஸ் புராணத்தில் இதுன் ஒரு தேவி. தேவர்களை மூப்படையாமல் காக்கும் ஆப்பிள்கள் அவளிடம்தான் இருக்கும். அந்தப் பெயரை எழுந்து நிற்கவும் தெம்பில்லாத ஒருத்திக்கு வைத்திருக்கிறார் ஹில்துர்.

மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சம் பழகியதுதான். பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு எழ முடியாமல் லயத்து வீட்டில் ஒருத்தி சுருண்டு கிடந்தால், காத்துக் கருப்பு அண்டியிருக்கும் என்று முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள். நோய்க்கு அது மருந்தில்லை. ஆனாலும் முடியவில்லை என்று அவள் சொன்னதை நம்பித்தான் கூட்டிப்போனார்கள். இதுனுக்கு அந்த நம்பிக்கைகூட எளிதில் கிடைக்கவில்லை. நாவலில் என்னை உலுக்கிய இடம் அதுதான். ரத்தமும் இருட்டும் அதற்குப் பிறகுதான்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடாது. கிள்ளான் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. அங்கே எழுதியது இந்த ரயில் வரைக்கும் வந்துவிட்டது. நம் பேய்களுக்கும் நல்ல எழுத்து வாய்த்திருக்கிறது. ஆனால் 1981இல் கெடாவின் லூனாஸில் நடந்த விஷச் சாராயச் சாவுகளைப் பின்புலமாக வைத்து ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' நாவலை மலேசிய உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கிள்ளானில் இறங்கி அத்தை வீட்டுக்குப் போனேன். மூன்று வருடம் அசதி அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு கிளினிக்கில் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு வேறிடத்தில் பார்த்தபோதுதான் தைராய்டு என்று தெரிந்தது. காப்பி ஆறும் வரைக்கும் அவருக்குப் பாதிக் கதையைச் சொன்னேன். கடிகாரம், காலடி எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள சொன்னத யாராச்சும் நம்புனாங்களாய்யா?"

"இன்னும் பாதி இருக்கு அத்தை."

"படிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.