கருவுக்கு எத்தனை வாரம்?

1981ஆம் ஆண்டில் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முத்துச்சிப்பியை ஆய்வுக்கூடத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சுகளை வளர்த்து வெற்றி கண்டார்கள். நுண்ணோக்கியில்தான் தெரியும் அந்தக் குஞ்சின் நீளத்தை அளந்துவிடலாம். ஆனால் நீளத்தைக் கொண்டு மட்டும் அதன் வயதைச் சொல்ல முடியாது. தீனியும் நீரின் வெப்பமும் மாறினால் வளர்ச்சியும் மாறும். ஒரு கடலில் போட்ட கணக்கு மற்றொரு கடலில் தவறலாம்.

மனிதக் கருவிலும் இதே சிக்கல் உண்டு.

மணப்பாட்டிலிருந்து ஒரு கர்ப்பிணி வலியுடன் தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை வாரம்?" என்பதுதான். 37 வாரம் நிறைந்திருந்தால் குழந்தை பிறக்கத் தயார். 34 வாரத்துக்கு முன் பிறக்கும் எனத் தெரிந்தால், சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். ஒரு வாரம் பிசகினால் முடிவே மாறிவிடும்.

இந்த வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. (ஆகவே கரு உண்டாகும் நாளிலேயே அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் 'வயதாகி' விடுகிறது! விந்தையான கணக்குத்தான்.) அந்தத் தேதி பலருக்கு நினைவிருப்பதில்லை. முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் எடுத்தால், கருவின் தலை முதல் இடுப்பு வரையுள்ள நீளமே வயதை ஓரளவு சரியாகக் காட்டும். பிறகு தாயின் உணவு, உடல்வாகு இவற்றுக்கேற்பக் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு கூடுகிறது. அப்போது தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு வயதைக் கணிப்பார்கள். இதற்கெனப் பெரிதும் பயன்பட்ட ஹாட்லாக் சூத்திரம், 1980களில் அமெரிக்கக் கர்ப்பிணிகளை அளந்து உருவாக்கியது. நம் நாட்டுக் கருக்களுக்கு அது ஏழு நாள் வரை தவறக்கூடும்.

சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 'கர்ப்பிணி-ஜிஏ2' என்னும் சூத்திரத்தை உருவாக்கி 2024இல் வெளியிட்டன. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் ஸ்கேன் அளவுகளே இதற்கு அடிப்படை. சூத்திரத்தைக் கண்டுபிடித்த முறை சுவையானது. கணிப்பொறி முதலில் பல சூத்திரங்களைத் தோராயமாக எழுதிப் பார்க்கிறது. உண்மை வயதை விட்டு அதிகம் விலகுபவை ஒதுக்கப்படும். எஞ்சியவற்றின் பகுதிகளை ஒன்றோடொன்று கலந்து, ஆங்காங்கே சிறிது மாற்றி, அடுத்த தலைமுறைச் சூத்திரங்களைப் பிறப்பிக்கிறது. டார்வினின் இயற்கைத் தேர்வைக் கணிதத்துக்கு இரவல் வாங்கியது போல! தென்னிந்தியப் பெண்களின் தனித் தொகுதி ஒன்றிலும் இதைச் சோதித்தார்கள். நான்காம் மாதத்துக்குப் பிந்தைய கருக்களில் பிழை சுமார் அரை நாள் என அறிவித்தார்கள்.

இத்தகைய பணிக்கு டாக்டர்கள் மட்டும் போதாது. கணிதம், இயற்பியல், கணிப்பொறியியல் படித்து பிஎச்.டி. முடித்தவர்கள், ஒரு மூத்த விஞ்ஞானியின் கீழ் இரண்டு மூன்று ஆண்டுகள் உதவித்தொகையுடன் ஆராயலாம். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு என்பது இதுவே. மும்பையில் 1970இல் தொடங்கிய இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலும் இத்துறைக்கு வேலை நிறைய இருக்கிறது.

ஆனால் கணிதப் புலமை மட்டும் கொண்டு இதில் இறங்க முடியாது. ஒவ்வொரு பெண்ணிடமும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். ஸ்கேன் தகவலை ரகசியமாகக் காக்க வேண்டும். சிசு ஆணா பெண்ணா என்று வெளியிடுவது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சூத்திரத்தையோ, நாட்டின் பல பகுதிகளிலும் புதிய கர்ப்பிணிகளிடம் சோதித்த பிறகே டாக்டர் கையில் கொடுக்கலாம். வடக்கே மருத்துவமனை ஒன்றில் எடுத்த அளவு, தெற்கே கடற்கரைக் கிராமத்துத் தாய்க்கும் பொருந்துகிறதா என்று யாராவது அளந்துதானே பார்க்க வேண்டும்?