தார்ப் பாலைவனத்தின் முள்வால் ஓணான்

பாலைவனத்து ஓணான் என்றால் பூச்சியைத் துரத்தி மணலில் ஓடும் என்றுதான் நினைப்போம். ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் வாழும் முள்வால் ஓணான் அப்படியல்ல. குட்டிப் பருவத்தில் பூச்சிகளையும் தின்னும். வளர்ந்தபின் புல், இலை, பூ, காய் ஆகியவையே அதன் முக்கிய உணவு. உடம்புக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியும் அந்தத் தழையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அப்பகுதி மக்கள் இதைச் சாண்டா என்கிறார்கள். ஆண் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும்.

மணல் குன்றுகளில் இதைத் தேடக் கூடாது. புல் ஆங்காங்கே முளைத்த, இறுகிய சமதரைதான் இதன் இருப்பிடம். காரணம் வளை. தளர்ந்த மணலில் தோண்டினால் சரிந்துவிடும். கெட்டியான மண்ணில் வளைந்து வளைந்து இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும் வளை நிலைத்து நிற்கும். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரு சாண்டாதான். மேலே தரை கொதிக்கும்போதும் உள்ளே வெப்பம் தாங்கும்படி இருக்கும். இரவில் உள்ளிருந்தபடியே மண்ணால் வாயிலை அடைத்துக்கொள்ளும்.

காலையில் வெளியே வரும்போது உடல் கருமையாக இருக்கும். வெயிலை விரைவில் உறிஞ்சத்தான் அந்த நிறம், சூடேறியதும் வெளுத்துவிடும். எதிரி நெருங்கினால் தலையை வளைக்குள் நுழைத்து, முள்வளையங்கள் அடுக்கிய வாலை வீசும். ஆனாலும் லகர் வல்லூறும் பாலைவன நரியும் இதைப் பிடித்துவிடும். அவற்றின் முக்கிய இரைகளில் சாண்டாவும் ஒன்று என்பதால், இது குறைந்தால் அவற்றுக்கும் இரை குறையும்.

குளிர்காலம் முழுவதும் வளைக்குள்ளேயே உறங்கும். அந்த மாதங்களைக் கடக்க, நல்ல தீனி கிடைக்கும் காலத்தில் உடலில் கொழுப்பைச் சேர்த்துவைக்கிறது. அந்தக் கொழுப்புதான் அதற்கு எமனாகிவிட்டது. உருக்கி எடுத்து, மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் மருந்து என்று 'சாண்டா எண்ணெய்' விற்கிறார்கள். பிடித்ததும் தப்பி ஓடாதபடி முதுகெலும்பை முறித்து, உயிரோடு சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். இவ்வளவு கொடுமைக்கும் பிறகு கிடைப்பது வெறும் விலங்குக் கொழுப்பு. அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவுமில்லை.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சாண்டா எண்ணெய் என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். விற்பவரைக் கண்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.