கடிபட்டும் காதலிக்கிறான்!

ஸோம்பி படத்தில் அலறலும் ரத்தமும் ஓட்டமும் இருக்கும்; காதலுக்கும் பாட்டுக்கும் அங்கே என்ன வேலை? கொஸ்லந்தவில் எங்கள் வீட்டில் ‘மிருதன்’ படத்தைப் போட்டபோது எல்லாருக்கும் அதே சந்தேகம்தான். படம் முடியும்போது பயந்தவர்கள் பாதி, பாட்டை முணுமுணுத்தவர்கள் மீதி! இந்த மாயத்தை யார் செய்தார்கள்? வாருங்கள், திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

2016 பெப்ரவரி 19இல் வெளியான ‘மிருதன்’தான் தமிழின் முதல் ஸோம்பி படம். இயக்கியவர் சக்தி சௌந்தர் ராஜன். கதை நடப்பது ஊட்டியில். கசிந்து கிடக்கும் இரசாயனத்தை ஒரு நாய் நக்குகிறது. அது மனிதனைக் கடிக்க, ஊரே வெறிபிடித்து அலைகிறது. நடுவில் போக்குவரத்துப் பொலிஸ்காரராக ஜெயம் ரவி. அவர் உருகுவது டாக்டராக வரும் லட்சுமி மேனனுக்காக. அவருக்கோ வேறொருவருடன் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது! ஒருதலைக் காதலே பெரும்பாடு. இதில் ஊரெல்லாம் கடிக்க வேறு வருகிறது. கடைசியில் கதாநாயகனும் கடியிலிருந்து தப்பவில்லை.

இப்போதுதான் உண்மையான ஆச்சரியம். இசை யார் தெரியுமா? டி. இமான்! ‘மைனா’, ‘கும்கி’ என்று மலைக்காட்டுக் காதல்களுக்கு மெட்டுப் போட்டு நம்மைக் கரைத்த அதே இமான். ‘கும்கி’யின் கதாநாயகியும் லட்சுமி மேனன்தான். பாட்டு எழுதியவர் மதன் கார்க்கி. ‘முன்னாள் காதலி’ பாட்டுக்கு மும்பையிலிருந்து விஷால் தத்லானியின் ராக் குரல். ‘மிருதா மிருதா’வுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம். பேய்போல அலையும் கூட்டத்துக்கு நடுவே எஸ்.பி.பி.யின் குரலா! யோசித்தவருக்கு ஒரு மாலை போட வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய நியாயம் இருக்கிறது. ஸோம்பி பேசாது. வசனம் நின்றுபோகும் இடத்தில் மனசைச் சொல்ல இசையை விட்டால் வேறு வழியில்லை. 2013இல் ஹொலிவூட்டில் வந்த ‘வோர்ம் பொடீஸ்’ படமும் இதைத்தான் பிடித்துக்கொண்டது. அதில் நிக்கலஸ் ஹோல்ட் நடித்த ஸோம்பிக்குப் பேச்சு திக்கித் திணறித்தான் வரும். பழைய விமானம் ஒன்றில் குடியிருந்து, சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டித்தான் காதலிக்கிறான்! அதன் பின்னணி இசையில் மார்கோ பெல்ட்ராமி, பக் சாண்டர்ஸ் என்று இருவர். பெல்ட்ராமி ‘ஸ்க்ரீம்’ திகில் படங்களுக்கு இசையமைத்தவர். அங்கே திகில்காரர் காதலுக்கு வந்தார். இங்கே காதல்காரர் திகிலுக்குப் போனார்.

அந்தப் படத்து ஒப்பனை இன்னும் வேடிக்கை. காதல் ஏற ஏற அவன் உயிர் திரும்புகிறது. அதனால் முகத்தின் வெளிறலும் நரம்புக்கோடுகளும் படிப்படியாகக் குறைய வேண்டும். ஒரு காட்சியில், அவனை மனிதர்களுக்கு நடுவே கூட்டிப்போக, காதலியும் தோழியும் கன்னத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். பிணமாக ஒப்பனை செய்த நடிகருக்கு, உயிருள்ளவன்போல அதன்மேல் இன்னொரு ஒப்பனை!

‘மிருதன்’ ஸோம்பிகளுக்கோ தண்ணீர் என்றால் நடுக்கம். விசர்நாய்க் கடியின் நீர்வெருட்சியைக் கதையில் அழகாகப் பொருத்திவிட்டார்கள். அதைக் கண்டதும் தங்கச்சி துள்ளிக் குதித்தாள்: “அண்ணே, இதுகள நம்ம தியலுமவுக்கு வரச் சொல்லுங்க, பாப்போம்!” 220 மீற்றர் உயரத்திலிருந்து கொட்டும் தியலும அருவி பக்கத்தில் இருக்க, எங்களுக்கு என்ன பயம்?

ஊட்டியும் எங்களுக்கு அந்நியமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து இந்தியாவுக்குப் போன எங்கள் மலையகச் சனங்களில் பலர், ஊட்டி இருக்கும் நீலகிரியில்தான் குடியேறினார்கள்; அங்கேயும் கொழுந்து பறித்தார்கள். திரையில் அந்தத் தேயிலைச் சரிவுகளைப் பார்க்கும்போது சொந்தக்காரர் ஊரைப் பார்க்கிற சந்தோஷம்.

ரவியும் இயக்குநரும் இமானும் 2018இல் ‘டிக் டிக் டிக்’ விண்வெளிப் படத்துக்கு மறுபடி கூடினார்கள். அது இமானின் 100ஆவது படம். புதுசு செய்யத் துணிகிற கூட்டணி இது. ரத்தம் பார்த்தால் மயங்குகிறவர்கள்கூடத் தயங்காமல் ‘மிருதன்’ பாருங்கள். பயமாக இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். காதை மட்டும் மூடிவிடாதீர்கள்!