தூண்டில்காரர் நோட்டுப் புத்தகம் சொன்ன கதை

உடுமலைப்பேட்டை மீன் கடையில் அமராவதி அணை மீன் கேட்டால் பெரும்பாலும் தட்டில் விழுவது ஜிலேபிக் கெண்டைதான். அது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1957-இல் கட்டிய அமராவதி நீர்த்தேக்கத்திலும் விடப்பட்டு, அங்கேயே பெருகி ஊர் மீனாகிவிட்டது. இந்த அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறுகளில் ஒன்று பாம்பாறு. மறையூர்ப் பக்கமிருந்து சின்னாறு காடுகளுக்குள் இறங்கி, சின்னாற்றோடு கலந்து அணைக்கு வருகிறது. கேரளத்தில் பிறந்து கிழக்கே பாயும் மூன்று ஆறுகளில் இதுவும் ஒன்று. காவிரியின் பெரிய மீனுக்கு அறிவியல் உலகம் இட்ட பெயர் இந்தப் பாம்பாற்றிலிருந்துதான் கிடைத்தது. அந்தப் பெயர் வந்த வழியையும், அந்த மீன் குறைந்துவருவது தெரியவந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். ஆற்றில் மீன் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்த மீன், எத்தனை என்று யாராவது விடாமல் எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவைக்கத் தூண்டில்காரர்களைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மகசீர் என்பது கெண்டைக் குடும்பத்தின் பெரிய மீன்களுக்குப் பொதுப்பெயர். வேகமாக ஓடும், குளிர்ந்த, கூழாங்கல் நிறைந்த ஆறுகளில் வாழும். தாடையில் பல் கிடையாது; தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கும். வாயோரம் இரண்டு ஜோடி மீசை, உடம்பில் உள்ளங்கை அளவுக்கு வளரும் செதில்கள். காவிரியில் வாழும் வகைக்குத் தலைக்குப் பின்னால் முதுகு எழும்பி நிற்கும்; காங்கேயம் காளையின் திமிலை நினைவூட்டும். வாலும் துடுப்புகளும் ஆரஞ்சு நிறம். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதிய நூலின் நாயகனே மகசீர்தான். 1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கென் என்ற தூண்டில்காரர் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. நன்கு வளர்ந்த ஒருவரின் எடை. உலகத் தூண்டில்காரர்கள் கடல் கடந்து தேடிவந்த இந்த மீனுக்கு நூறாண்டுக்கு மேலாகியும் உறுதியான அறிவியல் பெயர் இருக்கவில்லை. எல்லோரும் அதை "திமில் மகசீர்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைத்ததோடு சரி.

பெயர் இல்லாததை வெறும் ஏட்டுக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஓர் உயிரினத்தின் நிலையை மதிப்பிட வேண்டுமானால், அது இன்ன இனம் என்று முதலில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பெயரில்லாத மீனுக்குப் பட்டியலில் இடமில்லை. பட்டியலில் இல்லாத மீனுக்காகப் பேசவும் ஆளில்லை. மதுசூதன குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து 2011-இல் ஒரு புதிய மகசீர் இனத்தை விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரெமாதேவியைச் சிறப்பித்து அதற்கு டோர் ரெமதேவி என்று பெயர். 2018-இல் வேறொரு குழு காவிரிப் படுகையின் மாயாற்றில் கிடைத்த திமில் மகசீரின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. காவிரியின் பெரிய மீனுக்கான பெயர் நம் அமராவதியின் தலைமாட்டில் காத்திருந்திருக்கிறது. அதே ஆண்டில் அந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது.

விளிம்புக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? காவிரியின் ஆழ்மடுக்களில் மீன் எண்ணிய அரசுத் துறை எதுவும் இல்லை. தெரியவைத்தது தூண்டில் முகாமின் நோட்டுப் புத்தகம். கர்நாடகக் காவிரியில் பீமேஸ்வரி, கலிபோரே போன்ற இடங்களில் முகாம்கள் இருந்தன. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவது அங்கே விதி. விடிவதற்கு முன்பே பரிசல் கிளம்பும். கெட்டியாகக் கிண்டிய ராகிக் களியை எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தூண்டிலில் பொதிந்து, பாறைகளுக்கு இடையே நீர் சுழலும் இடத்தில் இறக்குவார்கள். மீன் கடித்தால் நீரோட்டத்தோடு நூறு மீட்டர் ஓடும். பரிசல் அதன் பின்னால் போகும். கரையேற்றி, எடை பார்த்து, இன்ன நிறத் துடுப்பு, இன்ன எடை, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எழுதிவிட்டுத் தண்ணீரில் விடுவார்கள். கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட கணக்கை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மீன்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன்.

மேலோட்டமாகப் பார்த்தால் அந்தக் கணக்கு மகிழ்ச்சி தரும். ஆண்டுக்கு ஆண்டு கிடைத்த மகசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் எடை இறங்கியிருந்தது. துடுப்பின் நிறத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. பெருகியவை நீலத்துடுப்பு மகசீர்கள். ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மகசீர்கள் அருகிக்கொண்டே வந்திருந்தன. அவற்றில் எஞ்சியவை பெரும்பாலும் முதிர்ந்த பெரிய மீன்கள். குட்டி மீன்கள் கண்ணில் படுவதே அரிது. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊரின் நிலை அது. நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு உரியதல்ல. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை, மகசீர் பெருகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் 1970-களில் தொடங்கி காவிரியில் விட்டார்கள். அதைச் செய்தவர்களில் தூண்டில் ஆர்வலர்களும் உண்டு. மகசீர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்ததன் விளைவு இது. நல்லெண்ணம் ஓர் இனத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்றை உட்காரவைத்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுத்ததும் அதே தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம்தான்.

தூண்டில் போடுகிறவர் சொல்லும் மீன் அளவை நம்ப முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர் சொல்லும் ஒரு மீனின் எடையை நம்ப வேண்டாம். பதினைந்து ஆண்டுகள், ஆற்றின் ஒரே பகுதியில், ஒரே முறையில், நேரக் கணக்கோடு எழுதிய ஆயிரக்கணக்கான பதிவுகள் காட்டும் போக்கை ஒதுக்க முடியாது. பிடித்த மீனை நேரத்தால் வகுத்துப் பார்க்கும்போது தனிமனிதர் கூட்டிச் சொல்வது கரைந்துபோகிறது. இப்படிக் கணக்கு எழுதுவதை விதியாக்கிய இடங்களும் உண்டு. அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் சிறு படகுகளில் கடலோரமாகச் சென்று சால்மன், ஹாலிபட் பிடிப்பது பெரும் பொழுதுபோக்கு. ஹாலிபட் நம் கடலின் எருமை நாக்கு மீனைப் போலத் தட்டையாக, ஆனால் அதைவிட மிகப் பெரிதாக வளர்வது. அலாஸ்காவில் ஆண்டு வரம்புள்ள கிங் சால்மனைப் பிடித்தவர் அங்கேயே, அப்போதே தன் உரிமத்தில் குறிக்க வேண்டும். ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகள் பதிவேடு கொடுக்க வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் 1923-இல் ஹாலிபட்டுக்கென்றே ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. பொழுதுபோக்குக்குப் பிடிப்பதும் கணக்கில் ஏறினால்தான் கடலில் மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

அடுத்த கேள்வி கனமானது. விளையாட்டுக்காக ஓர் உயிரைக் கொக்கியில் மாட்டி இழுக்கலாமா? மீனுக்கு வலி தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பிரிட்டனில் லின் ஸ்னெட்டன் குழு 2003-இல், நீலகிரி ஓடைகளில் வெள்ளையர் விட்ட அதே வானவில் டிரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டியது. விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பதும் முழு உண்மையல்ல. 1992-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், களைத்துப்போகும் வரை ஓடவைத்த டிரவுட்டுகளில் நூற்றுக்கு 12 இறந்தன; அதன்பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38; ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. செவுள் இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சிறைக்க ஓடியவனின் மூக்கைப் பொத்துவது போன்றதுதான் அது. ஆகவே மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பது வதை. எதிர்முள் இல்லாத கொக்கி, தண்ணீருக்குள்ளேயே கழற்றுதல், வெயில் ஏறினால் நிறுத்துதல் ஆகியவை இல்லாத தூண்டில் விளையாட்டை ஆதரிக்க முடியாது. ஆனால் இந்த ஒழுங்கோடு நடக்கும் தூண்டிலையும், ஒரு மடுவையே மல்லாக்கப் போடும் வெடியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முகாம்கள் இருந்த காலத்தில் முன்பு வெடி போட்டவர்களில் சிலர் வழிகாட்டிகளாகச் சம்பளம் வாங்கினார்கள். ஆள் நடமாட்டம் இருந்த இடத்தில் வெடிக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவது, சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் பிடிப்பதும் வேட்டைதான். காவிரிச் சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு 2012-இல் முடிவுக்கு வந்தது. பாம்பாறு பாயும் சின்னாறும் சரணாலயம். அதையடுத்து நம் பக்கத்தில் இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். அங்கே தூண்டில் அனுமதி கேட்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. தடை இருக்கட்டும். ஆனால் தடை வந்ததோடு கணக்கும் நின்றுபோனது பெரிய இழப்பு. காவலுக்குப் பூட்டுப் போட்டோம். உள்ளே இருப்பதை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டோம். தூண்டில்காரரை வெளியேற்றிய இடத்தில் அவர் செய்துவந்த எண்ணும் வேலையை வனத்துறையும் ஆய்வு நிறுவனங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். தடையில்லாத நீர்நிலைகளில், உரிமத்தோடும் பதிவேட்டோடும் தூண்டில் போடுகிறவரை அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். இது வசதியானவர்களின் விளையாட்டு, வலை வீசிப் பிழைப்பவருக்கு என்ன பயன் என்றும் கேட்பார்கள். பரிசலில் தினமும் நீர்த்தேக்கத்துக்குள் போகும் மீனவரைப் போல ஆற்றை அறிந்தவர் யாரும் இல்லை. அவருடைய பதிவுக்கும் கூலி கொடுத்தால் இது அவருக்கும் வருமானமாகும்.

அமராவதியில் இது அவசரம். மகசீர் மழைக்காலத்தில் ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிப்போய்ப் பெருகும் மீன். கரூர் அருகே காவிரியில் கலக்கும் அமராவதியின் குறுக்கே 1957 முதல் அணை நிற்கிறது. கீழிருந்து ஒரு மீன் பாம்பாற்றுக்கு ஏற வழியில்லை. மேலே இருப்பது குறைந்தால் காவிரியிலிருந்து ஈடு வராது. பாம்பாற்றில் வேறு ஆற்று மகசீர்க் குஞ்சுகளை யாராவது விட்டால், காவிரியில் நடந்தது இன்னும் சிறிய ஆற்றில், இன்னும் வேகமாக நடக்கும். நீர்த்தேக்கத்தில் மீன் வளர்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை; பல குடும்பங்களின் அடுப்பு அதில்தான் எரிகிறது. எந்தக் குஞ்சு, எங்கிருந்து வந்தது, எத்தனை விட்டோம் என்பதை எழுதிவைத்து மக்கள் பார்க்கக் கொடுக்க வேண்டும். அணைக்கு மேலே ஆற்றில் எந்த மகசீரையும் விடக்கூடாது. சின்னாறு முதல் அணை வரை என்ன மீன் இருக்கிறது என்று கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து ஆண்டுதோறும் எண்ண வேண்டும்.

உடுமலையைச் சுற்றி அணையிலும் வாய்க்காலிலும் குளத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடை உள்ள இடத்தில் போடாதீர்கள். மற்ற இடங்களில் நாள், இடம், நேரம், மீன் பெயர், நீளம் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதுகு திமிலாக எழும்பி, துடுப்பு ஆரஞ்சாக இருக்கும் மீன் மாட்டினால் தண்ணீரை விட்டுத் தூக்காமல் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள். நாளையும் இடத்தையும் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். மீன் தொட்டியில் வளர்த்து அலுத்ததை ஆற்றில் கொட்டாதீர்கள். ரெமதேவி மகசீரின் பெயர் பிறந்தது பாம்பாற்றில். அந்தத் தண்ணீர்தான் நம் அணைக்கு வந்து சேர்கிறது.