அரக்கன் உங்கள் கையில்!

1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் சண்டை விளையாட்டை வெளியிட்டது. ஆளுயரப் பெட்டி. அதில் ஒரு திரை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு கைப்பிடி, ஆறு பொத்தான்கள். காசு போட்டால் எட்டு வீரர்களில் ஒருவரை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். மற்ற ஏழு பேரையும் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஆட்டி வைக்கும். ஏழு பேரையும் வென்றால் மேலும் நால்வர் வருவார்கள். அந்த நால்வரில் கடைசி ஆள், சிவப்புச் சீருடை அணிந்த பைசன். அவனிடம் காசைத் தொலைத்த சிறுவர்களுக்குக் கணக்கே இல்லை. தோற்று நின்ற ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆசை இருந்தது: 'நானே பைசனாக ஆடினால் எப்படி இருக்கும்?'

1992-இல் வந்த 'சாம்பியன் எடிஷன்' என்ற அடுத்த பதிப்பு அந்த ஆசையை நிறைவேற்றியது. நால்வரையும் யார் வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் பைசனைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அவன் பலசாலிதான், ஆயினும் எதிரில் நின்று மிரட்டிய அந்தப் பழைய பைசனாக அவன் இல்லை. ஏன்?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். உங்கள் நண்பனிடம் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழ் முனையில், தொடாமல், உங்கள் விரல்களை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்லாமல் கொள்ளாமல் விடட்டும், நீங்கள் பிடியுங்கள். பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் அளவுக்குக் கோல் நழுவிய பிறகே உங்கள் பிடியில் சிக்கும். புவியீர்ப்புக் கணக்கின்படி 20 சென்டிமீட்டர் விழ ஆகும் நேரம் சுமார் 0.2 விநாடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் மூட இவ்வளவு நேரம் தேவை.

விளையாட்டுத் திரையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் மாறுகின்றன. எனவே 0.2 விநாடி என்பது 12 படங்கள். எதிரி உதைக்கக் காலைத் தூக்கியதை நீங்கள் உணர்ந்து பொத்தானை அழுத்துவதற்குள் 12 படங்கள் ஓடிவிடும். அதற்குள் பல அடிகள் விழுந்தே முடிந்துவிடும்!

கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது திரையைப் பார்ப்பதே இல்லை. உங்கள் வீரன் எங்கே நிற்கிறான், என்ன செய்கிறான் என்பதெல்லாம் அதன் நினைவகத்தில் வெறும் எண்கள். அந்தப் பெட்டியில் இருந்த மோட்டரோலா 68000 என்ற மைக்ரோபிராசசர் விநாடிக்கு ஒரு கோடித் துடிப்புகளில் இயங்கியது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அதற்கு 1,66,000-க்கும் மேற்பட்ட துடிப்புகள் கிடைத்தன. எண் மாறியதைக் கண்டுகொள்ள இது தாராளம். உண்மையில், கம்ப்யூட்டரை அவ்வப்போது வேண்டுமென்றே தவறு செய்ய வைப்பதுதான் நிரல் எழுதுபவரின் வேலை. இல்லாவிட்டால் யார் இரண்டாவது காசு போடுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. பைசன் உடல் முழுதும் தீச்சுவாலை சூழப் பாய்ந்து வருவானே, அந்தத் தாக்குதலைச் செய்ய நீங்கள் கைப்பிடியை ஏறத்தாழ ஒரு விநாடி பின்னுக்கு இழுத்து வைத்திருக்க வேண்டும். பிறகு முன்னே தள்ளிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னுக்கு இழுத்தால் அவன் பின்வாங்குவான். அந்த ஒரு விநாடி, விலையாகக் கொடுக்கும் நேரம். கம்ப்யூட்டருக்குக் கைப்பிடியே இல்லை. 'பாய்' என்று அது கட்டளையிட்டால் போதும்.

ஆக, எதிரில் நின்ற அரக்கனின் வலிமையில் பாதி உடலில் இருந்தது; பாதி அவனை ஆட்டிய மூளையில் இருந்தது. நமக்குக் கிடைத்தது உடல் மட்டுமே.

அப்படியானால், உடலையே அளவுக்கு மீறி வலிமையாகப் படைத்தால்? 1994-இல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வில் அதுவும் நடந்தது. அதில் மறைந்திருந்த கடைசி எதிரியின் பெயர் அக்குமா. ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்குப் பேய் என்று பொருள். (வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் அவன் பெயர் கோக்கி!) பைசனை ஒரே நொடியில் வீழ்த்திவிட்டு அவன் இடத்தில் வந்து நிற்பான். ஒரு குறிப்பிட்ட வரிசையில் சில வீரர்கள்மேல் குறியை நிறுத்தி, பிறகு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அவனையே தேர்ந்துகொள்ளலாம்.

மற்றவர்கள் தரையில் நின்று எறியும் தீப்பந்து கிடைமட்டமாகச் செல்லும். எதிரி அதைத் தாண்டிக் குதித்து, எறிந்தவன் நிலைக்குத் திரும்புமுன் அடிக்கலாம். அக்குமாவோ அந்தரத்திலிருந்து சாய்கோட்டில் எறிவான். குனிந்தாலும் படும், குதித்தாலும் படும். தடுத்தால் உயிர் கொஞ்சம் குறையும்; தடுத்து முடிவதற்குள் அவன் தரையிறங்கி அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடுவான். அருகில் சென்று பிடித்து வீசுவதையே நம்பியிருக்கும் ஜாங்கீஃப் போன்ற மல்லன் என்ன செய்வான், பாவம்! போதாக்குறைக்கு, எத்தனை அடி விழுந்தாலும் அக்குமாவுக்குத் தலைசுற்றல் வராது.

இதைப் புரிந்துகொள்ளக் கல், காகிதம், கத்தரி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சண்டை விளையாட்டின் அடிப்படையும் இத்தகைய வட்டம்தான். அடியைத் தடுப்பு வெல்லும். தடுப்பவனைப் பிடித்து வீசலாம். பிடிக்க வருபவனை அடி வெல்லும். இத்தகைய ஆட்டங்களில் கலந்து ஆடும் ஒரு சிறந்த முறை இருந்தே தீரும் என்று ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை 1928-இல் நிறுவினார். சாதாரண ஆட்டத்தில் அது மூன்றையும் சம அளவில், முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி காட்டுவது.

இப்போது கல்லின் வலிமையைக் கூட்டுவோம். கல் வென்றால் 2 புள்ளி, மற்றவை வென்றால் 1. எல்லோரும் கல்லையே காட்டுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கணக்கு வேறு சொல்கிறது. சிறந்த முறையில் நான்கில் ஒரு முறை கல், ஒரு முறை கத்தரி, இரண்டு முறை காகிதம்! கல் பலமானதால், கல்லை அடக்கும் காகிதத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது. எதிராளி எதைக் காட்டினாலும் சராசரியில் உங்களுக்கு நட்டமில்லை என்பதைத் தாளில் எழுதிச் சரிபாருங்கள். பைசன் இந்தக் கல்லைப் போன்றவன். வலியவன்; ஆனாலும் வட்டத்துக்குள் இருப்பவன்.

கல் காகிதத்தையும் வெல்லும் என்று விதியை மாற்றினால்? அப்போது யோசிக்க ஒன்றுமில்லை. இருவரும் கல்லையே நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலான வீரர்களுக்கு எதிரே அக்குமாவின் தீப்பந்து அத்தகைய கல்லாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குப் போட்டிகள் நடத்தியவர்கள் பைசனை அனுமதித்தார்கள். அக்குமாவுக்குத் தடை விதித்தார்கள்.

இடையில் ஒருவன் உண்டு. 1991-இல் பைசனுக்கு முன் வந்த தாய்லாந்து வீரன் சகாட். 1994 பதிப்பில் அவனுடைய முந்தைய வடிவத்தையும் ஓர் இரகசிய முறையில் தேர்ந்துகொள்ளலாம். மிக விரைவாகத் தீப்பந்து எறிபவன். அவனை எதிர்க்க வல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் பலருக்கு அவன் பெரும் தலைவலி. அமெரிக்கப் போட்டிகளில் அவனுக்குத் தடை இல்லை. ஜப்பானிலும் எழுதி வைத்த விதி ஏதும் இல்லை. எனினும் ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசி வைத்ததுபோல் அவனைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.