உடைந்த சுவருக்கும் ஒரு காரணம் வேண்டும்

போட்டோஷொப்பில் நல்ல சுவரைப் பாழ்சுவராக்குவது பெரிய வித்தையல்ல. வெடிப்பு விழுந்த வேறொரு சுவரின் படத்தைத் தனி லேயராக மேலே போட்டு, கலக்கும் முறையை ‘மல்டிப்ளை’ ஆக்கினால் வெளிறிய பகுதி மறைந்து கருங்கோடுகள் மட்டும் தங்கும். வேண்டாத இடத்தை மாஸ்க்கால் மறைக்கலாம். இவ்வளவு செய்தும் படம் பொய்யாகத் தெரிந்தால் குறை கருவியிலல்ல. சுவர் எதனால் உடைந்தது என்று செய்தவர் கேட்கவில்லை.

அம்பாறைக் கரையில் ஆலையடிவேம்பு முதல் கல்முனை வரை கடலையண்டிய பழைய கட்டடங்களே இதற்குப் பாடநூல். நிலத்தின் ஈரத்தோடு உப்பு மேலேறுவதால் சாந்து சுவரின் அடிப்பகுதியில்தான் முதலில் பொருமி உதிரும். உப்புக்காற்று பட்ட தூணுக்குள் கம்பி துருவேறும். துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும், ஆகவே கொங்கிறீட் கம்பியின் போக்கிலேயே நெடுக வெடித்துச் செங்கறை வடியும். அந்தத் தூணில் சிலந்திவலை வெடிப்பை ஒட்டினால் எந்த மேசனும் சிரிப்பார். வெளிச்சமும் காட்டிக்கொடுக்கும்: வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தால், சாந்து பெயர்ந்த பள்ளத்தின் இட விளிம்பு நிழலிலும் வல விளிம்பு ஒளியிலும் இருக்க வேண்டும்.

ஆயத்த பிரஷ்கள் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். பிரஷ் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பதிக்கும். இயற்கை அப்படிச் செய்யாது. 2006இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படமொன்றில் புகையை நகலெடுத்து அடர்த்தியாக்கியது, ஒரே சுருள்கள் அடுத்தடுத்து வந்ததால்தான் பிடிபட்டது. அதை வெளியிட்ட ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்தப் படத்தை மீளப்பெற்றது.

இப்படிக் கற்பித்தால் போலிப் படம் பெருகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பொய்க்கு மென்பொருள் கட்டாயமல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அதன் படங்களாகப் பரவியவற்றுள் சில, 2002இல் சீனாவின் சியன்டாங் ஆற்றில் எழுந்த ஓத அலையைக் காட்டியவை. திருத்தமே இல்லை, தலைப்பு மட்டும் பொய். அதைப் பிடிக்கவும் சேதத்தின் இயல்பு தெரிந்த கண்தான் வேண்டும். அம்பாறைக் கரையை அழித்த அந்த ஆழிப்பேரலையை நாடகச் சுவரொட்டிக்காக வரைகிறவர், கடல் எந்தத் திசையில் என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். கடலைப் பார்த்த சுவர் முழு அடியையும் வாங்கி விழும். நீரோட்டத்தின் போக்கிலேயே நின்ற பக்கச் சுவர் பெரும்பாலும் தப்பும். நான்கு சுவரையும் ஒரே அளவில் சிதைத்த படம் அலையின் வேலையாகத் தெரியாது.